பழைய ராக், புது ராக்: இரண்டையும் ஒரே பிளேலிஸ்டில் அலுக்காமல் கேட்பது எப்படி?

"லெட் செப்பலின், பிங்க் ஃபிளாய்ட் எல்லாம் கேட்கணும்னு ஆசைதான், ஆனா ரெண்டு பாட்டுக்கு மேல தாங்கலை" என்று சொல்பவர்களுக்காக இது. புதுப் பாட்டுகள் கேட்டுப் பழகிய காதோடு பழைய ராக்குக்குள் எப்படி நுழைவது, நுழைந்த பிறகு புதியதையும் விட்டுவிடாமல் எப்படி வைத்துக்கொள்வது என்று எனக்குச் சரிப்பட்டு வந்த வழியை எழுதுகிறேன். போனில் ஸ்பாட்டிஃபையோ ஆப்பிள் மியூசிக்கோ இருக்கிறது, பிளேலிஸ்ட் போடத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். கிடார் வாசிக்கத் தெரிய வேண்டியதில்லை. ஆங்கில வரிகள் முழுக்கப் புரிய வேண்டியதும் இல்லை, முதல் தடவை கேட்கும்போது பாதி வரி யாருக்கும் பிடிபடாது.

படி 1: 'சிறந்த 500' பட்டியல்களை மூடி வையுங்கள்

அவை ஏற்கெனவே எல்லாவற்றையும் கேட்டு முடித்தவர்கள் சண்டை போட்டுக்கொள்ளப் போடும் பட்டியல்கள். புதிதாக வருபவர் முதலிடத்திலிருந்து வரிசையாகக் கேட்க ஆரம்பித்தால் பரீட்சைக்குப் படிப்பது போல ஆகிவிடும், பத்தாவது பாட்டுக்குள் தூக்கம் வரும்.

அதற்குப் பதிலாக, இப்போது விரும்பிக் கேட்கிற ஒரு புதுப் பாட்டை எடுங்கள். அதில் உங்களை இழுப்பது எது என்று ஒன்றை மட்டும் சொல்லுங்கள்: கிடார் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிடார் துணுக்கு), டிரம், குரல், அல்லது மிதக்கிற மாதிரியான அந்த ஒலி. அதைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போங்கள்.

ஒரு உதாரணம். ஆர்க்டிக் மங்கீஸ் 2013-ல் வெளியிட்ட 'ஏஎம்' ஆல்பத்தில் 'அரபெல்லா' என்று ஒரு பாட்டு. அதில் வெட்டி வெட்டி வருகிற கிடார் பிடித்திருந்தால் அடுத்ததாக பிளாக் சப்பாத்தின் 'வார் பிக்ஸ்' (1970) போடுங்கள். உறவு உடனே தெரியும். அவர்களே மேடையில் 'அரபெல்லா'வுக்கு நடுவில் 'வார் பிக்ஸ்' ரிஃப்பை வாசித்திருக்கிறார்கள், ஒளிவுமறைவெல்லாம் கிடையாது. சப்பாத்தின் கிடார்காரர் டோனி அயோமி பர்மிங்காமில் தகடு வெட்டும் தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது வலது கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். இடது கைக்காரர் என்பதால் கம்பியை அழுத்துகிற கையே அதுதான். பிளாஸ்டிக்கை உருக்கித் தானே விரல் உறை செய்து மாட்டிக்கொண்டார், மெல்லிய கம்பிகளுக்கு மாறினார், அப்புறம் கம்பிகளின் இழுவையையும் தளர்த்தி சுருதியை இறக்கினார். 1971-ன் 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்தில் அந்தக் கனம் நன்றாகக் கேட்கும். இன்றைய மெட்டல் இசைக்குழுக்களில் பாதிக்கு மேல் அந்த இறக்கிய சுருதியில்தான் பிழைப்பு நடத்துகின்றன.

கிரெட்டா வேன் ஃப்ளீட் பிடிக்குமா, நேராக லெட் செப்பலின். த வார் ஆன் டிரக்ஸ் பிடிக்குமா, புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன், டாம் பெட்டி. டேம் இம்பாலா பிடித்தால் பீட்டில்ஸின் 'ரிவால்வர்' (1966) ஆல்பத்தின் கடைசிப் பாட்டு, 'டுமாரோ நெவர் நோஸ்'. இதில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. பாட்டின் அடியில் தம்பூரா ஓடுகிறது, பாட்டே ஏறக்குறைய ஒரே சுருதியின் மேல் நிற்கிறது. கச்சேரி கேட்ட காது உள்ள வீட்டில் வளர்ந்திருந்தால் இந்தப் பாட்டுக்குள் நுழைய எந்தக் கஷ்டமும் இருக்காது.

படி 2: சத்தத்தைச் சமன் செய்யுங்கள் (தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள்)

புதுப் பாட்டும் அதற்கேற்ற பழைய பாட்டுமாக ஜோடி ஜோடியாகப் பிளேலிஸ்ட் போட்டாகிவிட்டது. 'அரபெல்லா' அதிர்ந்து முடிகிறது, 'வார் பிக்ஸ்' ஆரம்பிக்கிறது, சப்பென்று இருக்கிறது. எனக்கும் ரொம்ப நாள் அப்படித்தான் இருந்தது, நிறையப் பேர் "பழசு அவ்வளவுதான் போல" என்று முடிவு கட்டுவதும் இந்த இடத்தில்தான். பாட்டில் கோளாறு இல்லை, பதிவின் சத்த அளவில் இருக்கிறது.

டிஜிட்டல் பதிவில் ஒலிக்கு ஒரு உச்சவரம்பு உண்டு, அதைத் தாண்ட முடியாது. ஆனால் அந்த உச்சத்துக்குக் கீழே இருக்கிற மெல்லிய பகுதிகளை மேலே தூக்கி, மேடுகளை அமுக்கி, எல்லாவற்றையும் கூரையோடு ஒட்ட வைக்க முடியும். தொண்ணூறுகளிலிருந்து சிடிக்களில் இதுதான் நடந்தது, ஒருவரைப் பார்த்து ஒருவர் ஏற்றிக்கொண்டே போனார்கள். மெட்டாலிகாவின் 'டெத் மேக்னெட்டிக்' (2008) இதில் உச்சம். சிடியில் ஒலி கரகரவென்று உடைகிறது என்று ரசிகர்களே கொதித்தார்கள். அதே பாட்டுகள் 'கிட்டார் ஹீரோ' வீடியோ கேமில் அமுக்காமல் வந்திருந்ததால் கேமில் கேட்பதே தெளிவாக இருந்தது. எழுபதுகளின் பதிவில் மெதுவான இடம் மெதுவாகவே இருக்கும், டிரம் விழும்போது மட்டும் மேலே எகிறும். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டால் பழையது தூரத்தில் ஒலிக்கிற மாதிரி தோன்றும். அதோடு, கொஞ்சம் சத்தமாக இருப்பதைக் காது 'இதுதான் நன்றாக இருக்கிறது' என்று எடுத்துக்கொள்ளும். அது எல்லோருக்கும் உள்ள பலவீனம்.

செய்ய வேண்டியது இது. ஸ்பாட்டிஃபை அமைப்புகளில் பிளேபேக் சம்பந்தமான பகுதிக்குப் போய் ஆடியோ நார்மலைசேஷனை ஆன் செய்யுங்கள். மூன்று அளவுகள் இருக்கும், 'நார்மல்' போதும். அது எல்லாப் பாட்டையும் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (சத்தத்தை அளக்கும் அலகு) என்கிற சராசரி அளவுக்குக் கொண்டுவரும். 'லவுட்' வேண்டவே வேண்டாம். அதில் மெதுவான பாட்டுகளைத் தூக்கிவிட்டு லிமிட்டர் (உச்சங்களை வெட்டும் கருவி) போட்டு அமுக்குவார்கள், எதைத் தவிர்க்கப் பார்க்கிறோமோ அதையே திரும்பச் செய்கிற மாதிரி. ஆப்பிள் மியூசிக்கில் இதன் பெயர் சவுண்ட் செக். கணினியில் சொந்தக் கோப்புகளாகக் கேட்பவர்கள் ஃபூபார்2000 என்ற பிளேயரைப் போட்டு, சத்தத்தைச் சமன் செய்யும் ரீப்ளேகெயின் அளவைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். பார்க்க அழகில்லாத மென்பொருள், ஆனால் இந்த வேலைக்கு அதுதான் என் தேர்வு.

பிறகு போனின் வால்யூமை நீங்களே கையால் ஏற்றுங்கள். இப்போது மறுபடி 'வார் பிக்ஸ்'. டிரம் எகிறுகிற இடங்களில் அரபெல்லாவைவிட இது அதிகமாக உதைக்கும்.

சேர்த்தது: "ஆன் செய்தும் வித்தியாசமே இல்லை" என்று கருத்துப் பகுதியில் இரண்டு மூன்று பேர் சொன்னார்கள். ஈக்வலைசரில் பேஸ் ஏற்றி வைத்திருக்கிறீர்களா, போன் நிறுவனமே போட்டுவைத்த 'சவுண்ட் எஃபெக்ட்' ஏதாவது ஓடுகிறதா என்று பாருங்கள். இரண்டையும் அணையுங்கள். இன்னொன்று, ஸ்பாட்டிஃபையில் ஒரு முழு ஆல்பத்தை வரிசையாகப் போட்டால் அது ஆல்பம் மொத்தத்தையும் ஒரே அளவில் ஏற்றி இறக்கும், பாட்டுக்குப் பாட்டு சமன் செய்யாது. அது சரியானதுதான், ஆல்பத்துக்குள் மெதுவான பாட்டு மெதுவாகத்தான் இருக்க வேண்டும். ஜோடிகளைப் பிளேலிஸ்டாகப் போட்டு சோதித்துப் பாருங்கள்.

படி 3: எந்தப் பதிப்பு?

ஒரே பாட்டுக்கு நான்கு பதிப்புகள் கிடைக்கும். 'ரீமாஸ்டர்' என்றால் முடிந்த பதிவின் மேல்பூச்சை மாற்றியிருக்கிறார்கள். 'ரீமிக்ஸ்' என்றால் குரல், டிரம், கிடார் என்று பிரித்தெடுத்து மறுபடி கலந்திருக்கிறார்கள். (கிளப்பில் ஓடும் ரீமிக்ஸ் வேறு, குழம்ப வேண்டாம்.)

அறுபதுகளின் பாட்டுகளுக்கு இயர்போனில் ஒரு தொல்லை உண்டு. பீட்டில்ஸின் 'ரப்பர் சோல்' (1965) போட்டால் பாடுபவர் ஒரு காதில், வாத்தியங்கள் மறு காதில். இயர்போன் ரிப்பேர் என்று நினைத்துவிடாதீர்கள். அன்று பெரும்பாலான மக்கள் கேட்டது மோனோவில் (எல்லாம் ஒரே ஒலியாகக் கலந்து வருவது), உழைப்பெல்லாம் அந்தக் கலவைக்கே போனது, ஸ்டீரியோ பிற்பாடு அவசரமாகச் செய்த வேலை. தீர்வு சுலபம்: போன் அமைப்புகளில் அக்சஸிபிலிட்டிக்குள் 'மோனோ ஆடியோ' இருக்கும், ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும். ஆன் செய்தால் இரண்டு காதிலும் எல்லாம் வரும். 'ரிவால்வர்' என்றால் இது தேவையில்லை, 2022-ல் ஜைல்ஸ் மார்ட்டின் செய்த ரீமிக்ஸ் இருக்கிறது. ஒரே டிராக்கில் ஒட்டிக்கிடந்த டிரம்மையும் கிடாரையும் மென்பொருளைக் கொண்டு பிரித்துக் கலந்தது. 'புனிதத்தைக் கெடுத்துவிட்டார்கள்' என்பவர்கள் உண்டு. இயர்போனில் கேட்கிற ஆளுக்கு நான் அந்த ரீமிக்ஸைத்தான் சொல்வேன்.

படி 4: ஒரு பாட்டை டிரம்மை மட்டும் பிடித்துக்கொண்டு கேளுங்கள்

குரலை விட்டுவிடுங்கள். லெட் செப்பலினின் 'வென் த லெவி பிரேக்ஸ்' (1971). ஹாம்ப்ஷயரில் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டில், மாடிப்படிக் கூடத்தின் அடியில் டிரம்மர் ஜான் பானமை உட்கார வைத்து, ஒலிப்பதிவாளர் ஆண்டி ஜான்ஸ் இரண்டு மைக்குகளை மேலே படிக்கட்டில் தொங்கவிட்டார். நீங்கள் கேட்பது டிரம்மோடு சேர்ந்து அந்த வீட்டையும். 1986-ல் பீஸ்டி பாய்ஸ் என்ற ராப் குழு தங்கள் முதல் ஆல்பத்தின் முதல் பாட்டுக்கு இந்த டிரம்மைத்தான் வெட்டி ஒட்டியது. இதை 'பழைய பாட்டு' என்கிறோமே, இதுவும் மூலம் இல்லை. 1927 மிசிசிப்பி வெள்ளத்தைப் பற்றி மெம்ஃபிஸ் மின்னியும் கேன்சஸ் ஜோ மெக்காயும் 1929-ல் பதிவு செய்த ப்ளூஸ் பாட்டு அது. 1929, 1971, 1986 என்று மூன்றையும் வரிசையாகப் போடுங்கள். இந்தப் பதிவில் ஒன்றே ஒன்றைத்தான் செய்து பார்ப்பேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

அடுத்து ரோலிங் ஸ்டோன்ஸின் 'ஹாங்கி டாங்க் விமன்' (1969). முதல் பத்து வினாடி கேட்டுவிட்டு நேராகக் கடைசி முப்பது வினாடிக்குத் தாவுங்கள். வேகம் கூடியிருக்கும். இன்று பெரும்பாலும் காதில் கிளிக் டிராக் (சீரான வேகத்தில் டிக் டிக்கென்று அடிக்கும் ஒலி) ஓட, அதற்கு வாசித்து, பிறகு கணினியில் நேர்கோட்டில் அடுக்குகிறார்கள். அன்று கூட இருக்கும் ஆட்களைப் பார்த்து வாசித்தார்கள், உற்சாகம் ஏறினால் வேகமும் ஏறும்.

இதனால் கிளிக் டிராக் மட்டம் என்று கிளம்பிவிடாதீர்கள். டேம் இம்பாலாவின் 'கரன்ட்ஸ்' (2015) ஆல்பத்தை கெவின் பார்க்கர் தானே எழுதி, எல்லா வாத்தியமும் வாசித்து, பதிந்து, கலந்து முடித்தார். அந்த இறுக்கமான டிரம் ஒலி ஒரு தனி ஆள் ஒவ்வொரு அடியாகச் செதுக்கியதால் வருவது, நாலு பேர் ஒரு கூடத்தில் உட்கார்ந்தால் அது வராது.

படி 5: ஒரு முழு ஆல்பம்

பிங்க் ஃபிளாய்டின் 'த டார்க் சைட் ஆஃப் த மூன்' (1973), சுமார் 43 நிமிடம். ஷஃபிளை அணையுங்கள். கிராஸ்ஃபேடைப் (ஒரு பாட்டு முடியும்போதே அடுத்ததைக் கலப்பது) பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து கேப்லெஸ்ஸை (இடைவெளி இல்லாமல் ஓட்டுவது) ஆன் செய்யுங்கள், பாட்டுக்குப் பாட்டு இடைவெளி விழுந்தால் இந்த ஆல்பம் பாழ். ஒரே மூச்சில் முடியாவிட்டால் எல்பி இசைத்தட்டில் பக்கம் மாறும் இடத்தில், அதாவது 'மனி' பாட்டுக்கு முன்னால், நிறுத்தலாம். 'மனி' வந்ததும் தாளம் போட்டுப் பாருங்கள், ஏழு எண்ணிக்கை. கிடார் தனியாக வாசிக்கும் இடத்தில் நாலுக்கு மாறும்.

படி 6: விகிதம்

ஒரு பழைய பாட்டுக்கு இரண்டு புதுப் பாட்டு என்று வைத்துக்கொள்கிறேன். வெறும் பழையதையே கேட்டால் "அந்தக் காலம் மாதிரி வருமா" நோய் பிடித்துக்கொள்ளும். செப்பலினின் முதல் இரண்டு ஆல்பங்களும் வந்த 1969-ல் அமெரிக்க பில்போர்டின் ஆண்டுப் பட்டியலில் முதலிடம் பிடித்த பாட்டு 'சுகர், சுகர்'. பாடியது ஆர்ச்சீஸ், ஒரு கார்ட்டூன் தொடரில் வரும் கற்பனை இசைக்குழு! நமக்கு வந்து சேர்ந்திருப்பது ஐம்பது வருடம் சலித்து எடுத்த மிச்சம். இந்த வருடப் பாட்டுகளை இன்னும் யாரும் சலிக்கவில்லை, அதனால் நாமே குப்பையையும் சேர்த்துக் கேட்டாக வேண்டியிருக்கிறது. ஃபாண்டெய்ன்ஸ் டி.சி., க்ரோங்பின் என்று இரண்டு பெயரை மட்டும் தருகிறேன், மீதியை நீங்களே தேடுங்கள்.

இன்னொரு சேர்க்கை: 'டார்க் சைட்'டில் காலடிச் சத்தம் இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு ஓடும் என்றார்களே, ஒன்றும் ஓடவில்லையே என்று ஒருவர் கேட்டிருந்தார். படி 3-ல் போட்ட மோனோ ஆடியோவை அணைத்துவிட்டுக் கேளுங்கள். ப்ளூடூத் ஸ்பீக்கர் ஒற்றையாக இருந்தாலும் இதே கதைதான், அதற்கு இயர்போன்தான் வழி.