சின்ஸா, ஃபோரா? முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள்

பக்கத்து வீட்டுத் தம்பி லீவுக் கடிதம் ஒன்றைக் கொண்டுவந்து, "அண்ணை, சரியா என்று பாருங்கள்" என்று நீட்டினான். மூன்று நாளாகக் காய்ச்சல் என்பதை "ஐ ஹாவ் ஃபீவர் சின்ஸ் த்ரீ டேய்ஸ்" என்று எழுதியிருந்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் முதல் வேலை விண்ணப்பத்திலும் இதே பிழை இருந்தது. "சின்ஸ் என்றால் இருந்து" என்று ரியூசனில் பாடமாக்கியதன் வினை.

முதற்படி: ஆங்கிலத்தை ஒதுக்கிவையுங்கள்

"மூன்று நாளாகக் காய்ச்சல்" என்கிறோம்; "மூன்று நாளிலிருந்து காய்ச்சல்" என்று யாரும் சொல்வதில்லை. "திங்கட்கிழமையிலிருந்து காய்ச்சல்" என்கிறோம். "திங்கட்கிழமையாக" என்றால் கேட்பவர் விழிப்பார். "இலிருந்து" வந்தால் சின்ஸ், "ஆக" வந்தால் ஃபோர். முன்னது தொடங்கிய இடத்தைக் காட்டும். பின்னது எவ்வளவு காலம் என்று அளக்கும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இயங்குவது 1974இலிருந்து. ஆகவே சின்ஸ் 1974.

ஒரு விலக்கு உண்டு. "எட்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை" என்று முடிவும் சேர்ந்து வந்தால் சின்ஸ் வராது, ஃப்ரம் வரும்.

இரண்டாம் படி: வினைச்சொல்லைப் பாருங்கள்

அதிகம் வழுக்குகிற இடம் இதுதான். "ஐந்து வருடமாக இங்கே வேலை செய்கிறேன்" என்று நாம் நிகழ்காலத்தில் சொல்லிவிடுகிறோம். அதை அப்படியே "ஐ ஆம் ஒர்க்கிங்" ஆக்கினால் பிழை. அன்று தொடங்கி இன்றும் தொடர்வதற்கு ஆங்கிலம் ஹாவ் அல்லது ஹாஸ் கேட்கும்: "ஐ ஹாவ் பீன் ஒர்க்கிங் ஹியர் ஃபோர் ஃபைவ் இயர்ஸ்."

தம்பியின் கடிதத்தில் ஹாவ் இருந்ததே என்று கேட்பீர்கள். அந்த ஹாவ் "எனக்குக் காய்ச்சல் உண்டு" என்பதிலுள்ள "உண்டு" மட்டுமே. காலத்தைக் காட்டுகிற ஹாவ் வேறு. அதையும் சேர்த்தால் "உண்டு" என்கிற ஹாவ் ஹாட் (had) ஆகிவிடும்: "ஐ ஹாவ் ஹாட் ஃபீவர் ஃபோர் த்ரீ டேய்ஸ்."

மூன்றாம் படி: முடிந்துவிட்டதா?

போரினால் 1990இல் யாழ்ப்பாணத்துக்கான ரயில் நின்றது. 2014 ஒக்டோபரில்தான் திரும்பியது. "இருபத்துநான்கு வருடம் ரயில் வரவில்லை" என்கையில் "ஆக" உதிர்ந்துவிடுகிறது, கவனித்தீர்களா? "வருடமாக" என்றால் இன்னும் வரவில்லை என்று பொருள்படும். ஆங்கிலத்தில் ஃபோர் அப்படியே நிற்கும், வினை மட்டும் இறந்தகாலத்துக்குப் போகும்: "த ட்ரெயின் டிட் நாட் கம் ஃபோர் ட்வென்டி ஃபோர் இயர்ஸ்." (இரண்டாவது ஃபோர் எண். ஒலி ஒன்றென்பதால் குழம்பவேண்டாம்.)

இனி வரப்போகிற காலத்துக்கும் ஃபோர்தான். தமிழில் அப்போது "க்கு" வரும். நல்லூர்த் திருவிழா 25 நாள். முதல் நாளே "இனி 25 நாளுக்கு வீட்டில் மச்சம் (மீன், இறைச்சி) இல்லை" என்று அம்மா அறிவித்தால் ஃபோர். பத்தாம் நாள் "கொடியேற்றத்திலிருந்து மச்சமே கண்ணில் படவில்லை" என்று நான் முனகினால் சின்ஸ்.

நான்காம் படி: இலக்கணத்தில் இவை என்ன?

பெயர்ச்சொல்லுக்கு முன் நிற்கும்போது இரண்டும் முன்னிடைச்சொற்கள். சின்ஸ் ஒரு முழு வாக்கியத்தையும் இழுத்துக்கொண்டு வரும். அப்போது அது இணைப்புச்சொல். "சின்ஸ் ஐ கேம்" என்றால் நான் வந்ததிலிருந்து. "சின்ஸ் இட் இஸ் ரெய்னிங்" என்றால் மழை பெய்வதால்! "சின்ஸ் ஹி லெஃப்ட்" என்பதை அவன் போனதிலிருந்து என்றும் போனதால் என்றும் கொள்ளலாம். அடுத்து வருவதை வைத்தே தீர்மானிக்கவேண்டும். ஃபோருக்கும் "ஏனெனில்" என்ற பொருள் உண்டு, ஆனால் பழைய நடை. தொடக்கத்தில் அதைத் தொடவேண்டாம். "அம்மாவுக்காக" என்பதிலுள்ள "காக" என்ற பொருள் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

இனி நீங்கள் எழுதிப் பாருங்கள். ஒரு கிழமையாக மழை பெய்கிறது. நேற்றிரவிலிருந்து மின்சாரம் இல்லை. கிளிநொச்சியில் இரண்டு வருடம் படிப்பித்தேன்.