முதுகலையும் பி.சி.பி.ஏ. சான்றிதழும்: களப்பயிற்சியில் கவனிக்க வேண்டியவை

அமெரிக்காவில் சிறப்புக் கல்வியோடு பயன்பாட்டு நடத்தைப் பகுப்பாய்வையும் (நடத்தையை ஆராய்ந்து மாற்ற உதவும் துறை) சேர்த்து முதுகலை படிப்பவர்கள் முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்: பட்டம் வாங்கினாலே நடத்தைப் பகுப்பாய்வாளருக்கான பி.சி.பி.ஏ. (BCBA) சான்றிதழ் வந்துவிடாது. களப்பயிற்சியும் தேர்வும் உண்டு. சிறப்பாசிரியர் உரிமத்தை மாநிலம் தனியாகத் தருகிறது. உங்கள் மாநிலத்துக்கு அந்தப் படிப்பு செல்லுமா என்று சேரும் முன்பே கேளுங்கள். 2023 முதல் இந்தியாவில் வசிப்பவர்கள் இச்சான்றிதழுக்கு விண்ணப்பிக்க முடியாது.

பலர் தடுமாறுவது களப்பயிற்சியில்தான். வழக்கமான முறையில் 2,000 மணிநேரம், ஒவ்வொரு மாதமும் செய்த மணிநேரத்தில் 5 சதவீதம் மேற்பார்வை. அடர்முறையில் 1,500 மணிநேரம், 10 சதவீதம் மேற்பார்வை. குழந்தைக்கு நேரடியாகக் கற்பிக்கும் நேரம் மொத்தத்தில் 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மீதி, நடத்தையை மதிப்பிடுதல், தரவை வரைபடமாக்குதல், திட்டம் எழுதுதல், பெற்றோருக்குப் பயிற்சி தருதல். வகுப்பாசிரியராக வேலை பார்த்துக்கொண்டே படிப்பவருக்கு நேரடி நேரம் தானாகக் குவியும், மற்றது குவியாது. அதனால் இந்த வேலைகளுக்கு முதல் மாதமே வாரத்தில் நேரம் ஒதுக்குங்கள்.

பாடவகுப்பு தொடங்குமுன் செய்த மணிநேரம் சேராது. மாதத்தில் 20 மணிநேரத்துக்குக் குறைந்தாலும் அப்படியே. மாதப் படிவத்தில் மேற்பார்வையாளரின் கையெழுத்தை அடுத்த மாதக் கடைசிக்குள் வாங்கிவிடுங்கள். தவறினால் அந்த மாத உழைப்பே வீண்.