உலக வங்கிக்கு மனுப் போடும்போது சறுக்கும் இடங்கள்

திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்குப் போய்ப் பழகியவர்கள், யார் மேல் கோபமோ அவர் பெயரை மனுவின் முதல் வரியிலேயே எழுதிவிடுவார்கள். காண்டிராக்டர் இப்படிச் செய்தார், தாசில்தார் அப்படிப் பேசினார் என்று பக்கம் நிரம்பும். வெளிநாட்டுக் கடனில் நடக்கும் திட்டத்தால் வீடோ தொழிலோ போனவர்கள் இதே நடையில் உலக வங்கியின் ஆய்வுக் குழுவுக்கு எழுதினால் மனு தேறுவது கஷ்டம்.

நர்மதை அணைக்கு எதிரான போராட்டம் கொடுத்த அழுத்தத்தில் 1993-இல் பிறந்த குழு அது. வங்கி தன்னுடைய விதிகளைத் தானே பின்பற்றியதா என்பதைப் பார்ப்பதுதான் அதன் வேலை. காண்டிராக்டரையும் கலெக்டரையும் அது விசாரிக்காது. லஞ்சம், டெண்டர் முறைகேடு என்றால் அதற்கு வேறு பிரிவு இருக்கிறது. ஆகவே உங்களுக்கு என்ன இழப்பு, திட்டத்தின் எந்த வேலையால் அது வந்தது, வங்கி எதைக் கவனிக்காமல் விட்டது, இந்த மூன்றும் மனுவில் இருந்தால் போதும். விதி எண்ணெல்லாம் தேடி எழுத வேண்டியதில்லை. தமிழிலேயே எழுதலாம்.

அடுத்த சறுக்கல், கதவு மாறித் தட்டுவது. பணம் எங்கிருந்து வருகிறதோ அங்கேதான் முறையிட முடியும். சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்கே ஜப்பான் அரசின் உதவி அமைப்பான ஜைக்கா, ஆசிய வளர்ச்சி வங்கி, ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கி, புதிய வளர்ச்சி வங்கி என்று நாலு இடத்துக் கடன். உங்கள் தெருவில் தோண்டும் பகுதி யார் கடனில் நடக்கிறது என்று தெரியாமல் எழுதினால் மாதக்கணக்கில் வீணாகும். உலக வங்கிக் குழுமத்துக்குள்ளேயே இரண்டு கதவு: அரசுக்குக் கொடுத்த கடன் என்றால் ஆய்வுக் குழு, தனியார் கம்பெனிக்கு குழுமத்தின் தனியார் கடன் பிரிவான ஐ.எஃப்.சி. கொடுத்த கடன் என்றால் அதன் மேல் வரும் புகாரைக் கேட்கும் சி.ஏ.ஓ. அலுவலகம். சி.ஏ.ஓ.வுக்கு ஒருவர் எழுதினாலும் போதும். ஆய்வுக் குழுவுக்குக் குறைந்தது இரண்டு பேர் வேண்டும்.

கெடு விஷயத்திலும் பலர் கோட்டை விடுகிறார்கள். சாலை போட்டு முடித்த தேதிக்கும் கடன் கணக்கை முடிக்கும் தேதிக்கும் சம்பந்தம் இல்லை. பார்க்க வேண்டியது இரண்டாவதை. உலக வங்கியின் 2020 மாற்றத்துக்குப் பிறகு ஒப்புதல் பெற்ற திட்டங்களில், கணக்கு முடிந்து 15 மாதம் வரை ஆய்வுக் குழுவுக்கு எழுதலாம். ஆனால் அதற்கு முன்பே வங்கி அதிகாரிகளிடம் குறையைச் சொல்லியிருக்க வேண்டும். நேரில் சொல்லிவிட்டு வந்தால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஒரு மின்னஞ்சல், ஒரு பதிவுத்தபால் ரசீது கையில் இருக்கட்டும்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, "நமக்குப் பட்டாவே இல்லையே, நாம் எப்படிக் கேட்பது" என்று ஒதுங்குவதுதான். குஜராத்தின் முந்த்ராவை இதற்காகவே சொல்ல வேண்டும். டாடா பவரின் 4,000 மெகாவாட் நிலக்கரி மின்நிலையத்துக்கு 2008-இல் ஐ.எஃப்.சி. 45 கோடி டாலர் கடன் கொடுத்தது. அந்தக் கட்ச் கரையில் மீனவக் குடும்பங்கள் வருடத்தில் எட்டொன்பது மாதம் கடலோரத்திலேயே குடிசை போட்டுத் தங்கி, மீன் பிடித்து, கம்புப் பந்தலில் காயவைத்து விற்பார்கள். மழைக்காலம் வந்தால் ஊர் திரும்புவார்கள். கரையில் அவர்களுக்கு நிலம் கிடையாது. திட்ட ஆய்வில் அவர்கள் சரியாகக் கணக்கில் வரவில்லை. அப்புறம் மின்நிலையத்தின் வெந்நீர் கடலில் கலந்து மீன்பாடு குறைகிறது, காயும் மீன் மேல் கரித்தூள் படிகிறது என்று 2011-இல் அவர்கள் சங்கம் சி.ஏ.ஓ.விடம் போனது. பருவத்துக்கு வந்து தங்கும் இந்த மீனவர்களை ஐ.எஃப்.சி. போதுமான அளவு கவனிக்கவில்லை என்று 2013-இல் சி.ஏ.ஓ. எழுதிவிட்டது. அதற்குப் பட்டா தடையாக இருக்கவில்லை.

இதே போன்ற நிலையில் இருப்பவர்கள் பட்டா இல்லை என்று தயங்குவதை விட்டுவிட்டுச் சான்று சேர்க்கலாம். ஏலக்காரர் கொடுத்த துண்டுச்சீட்டு, ஐஸ் வாங்கிய பில், தேதி தெரியும் போட்டோ எல்லாமே பயன்படும். திட்டத்துக்கு முந்தைய வருடச் சீட்டுதான் அதிகம் உதவும், அதைத்தான் முதலில் தூக்கிப் போட்டிருப்போம்.

அறிக்கை சாதகமாக வந்தால் பணம் வந்துவிடும் என்று நினைப்பது இன்னொரு தவறு. சி.ஏ.ஓ. தீர்ப்பு சொல்லும் கோர்ட் இல்லை. குறையைக் கண்டு எழுதும், இழப்பீடு கொடு என்று உத்தரவிட அதற்கு அதிகாரம் கிடையாது. அறிக்கை வந்தும் நிவாரணம் கிடைக்காமல் முந்த்ரா மீனவர்கள் 2015-இல் அமெரிக்க நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஐ.எஃப்.சி. போன்ற அமைப்புகளுக்கு வழக்கிலிருந்து முழுப் பாதுகாப்பு கிடையாது என்று 2019 பிப்ரவரியில் அங்குள்ள உச்ச நீதிமன்றம் 7-க்கு 1 என்று சொன்னபோது பெரிய வெற்றி என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஆனால் வழக்கின் மையமான செயல் அமெரிக்காவில் நடந்ததல்ல என்று கீழ் நீதிமன்றம் தள்ளிவிட்டது; 2021-இல் மேல்முறையீட்டிலும் அதே முடிவு. அதனால் சாதகமான அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு கம்பெனியோடும் மாநில அரசோடும் பேரம் பேச ஆரம்பத்திலேயே ஆள் தயாராக இருக்க வேண்டும். சமரசப் பேச்சுக்கு அழைத்தால் போகலாம். அதை மனு கொடுத்த இரண்டு பேர் மட்டும் முடிவு செய்யாமல் ஊர்க்கூட்டத்தில் வைப்பது நல்லது.

கடைசியாக, பெயர். மொட்டைக் கடுதாசியை ஏற்க மாட்டார்கள், ஆனால் பெயரை ரகசியமாக வைக்கும்படி கேட்கலாம். மிரட்டல் வரும் என்ற பயம் இருந்தால் அதை மனுவின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். எழுதிவிட்டு மனுவின் நகலை ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம். காண்டிராக்டரின் மச்சானும் அதில் இருப்பார்.