கன்று போட்ட மாடு: முதல் 10 நாள் வால் பக்கம் பாருங்கள்

கன்று விழுந்ததும் வீட்டில் எல்லார் கண்ணும் கன்றுக்குட்டி மேலும் பால் வாளி மேலும்தான் இருக்கும். மாட்டின் பின்பக்கம் யாரும் போவதில்லை. கருப்பையில் நோய் பிடித்தால் முதல் அடையாளம் அங்கேதான் தெரியும்.

வேண்டியது: மருந்துக்கடை டிஜிட்டல் தெர்மாமீட்டர் (மாட்டுக்கென்றே தனியாக ஒன்று), கையுறை, கொஞ்சம் தேங்காய் எண்ணெய், ஒரு நோட்டு.

1. ஈன்ற நேரத்தை எழுதுங்கள்

நஞ்சுக்கொடி பெரும்பாலும் 6 முதல் 8 மணி நேரத்துக்குள் விழுந்துவிடும். 12 மணி நேரம் தாண்டியும் தொங்கினால் மருத்துவரைக் கூப்பிடுங்கள். கையால் இழுக்க வேண்டாம், கல்லைக் கட்டித் தொங்கவிடவும் வேண்டாம். எங்கள் வீட்டிலேயே ஒரு காலத்தில் கட்டியிருக்கிறோம், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். கொடி கருப்பைச் சுவரில் பித்தான் மாட்டியதுபோல் பல இடங்களில் பிடித்திருக்கும். இழுத்தால் பாதி அறுந்து உள்ளேயே தங்கி அழுகும், சுவரும் புண்ணாகும்.

விழுந்த கொடியைக் கையுறை போட்டே எடுத்து, நாய் தோண்டாத ஆழத்தில் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். புருசெல்லோசிஸ் (கருச்சிதைவை உண்டாக்கும் தொற்றுநோய்) உள்ள மாடாக இருந்தால் அது மனிதருக்கும் தொற்றும்.

2. தினமும் காலையில் காய்ச்சல் பாருங்கள்

10 நாள் விடாமல் பாருங்கள். வெயில் ஏறுமுன் பார்ப்பது நல்லது. கோடை மதியத்தில் கலப்பினப் பசுவுக்குச் சும்மாவே சூடு கூடுதலாகக் காட்டும். மாட்டைக் கட்டி, பக்கவாட்டில் நின்று வாலைத் தூக்குங்கள். எண்ணெய் தடவிய முனையை ஆசனவாய்க்குள் விட்டு, பக்கச் சுவரில் படும்படி சாய்த்துப் பிடியுங்கள். சாணத்துக்குள் குத்தி நின்றால் அளவு குறைத்துக் காட்டும். 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை கவலையில்லை. 103-க்கு மேல் போனால் அடுத்த அடையாளத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

3. கழிவை மோந்து பாருங்கள்

ஈன்றபின் இரண்டு மூன்று வாரம் கருப்பையிலிருந்து செம்பழுப்பாகக் கழிவு வருவது இயல்பு. கெட்டியாக, நாற்றமில்லாமல் இருக்கும். தண்ணீராக, கருஞ்சிவப்பாக, கிட்டப் போகமுடியாத அழுகல் வாடையுடன் வந்தால் அது கருப்பை அழற்சி. தீவனத்தை முகர்ந்துவிட்டு ஒதுங்குவது, திடீரென்று பால் குறைவது இவையும் கூட வரும்.

4. இந்த அடையாளம் தெரிந்த அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிடுங்கள்

தமிழ்நாட்டில் கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962. நோட்டைக் காட்டுங்கள். காய்ச்சல் விட்டதும் பாதியில் நிறுத்தாமல், சொன்ன நாள் வரை ஊசி போடுங்கள். அந்த மருந்துக்கு எத்தனை நாள் பாலைப் பால் சங்கத்துக்கு ஊற்றக்கூடாது என்று கேட்டு, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். மாத்திரையை நீங்களே கருப்பைக்குள் திணிக்காதீர்கள்.

5. மூன்று வாரத்துக்குப் பிறகு

இதைத்தான் பலரும் கோட்டை விடுவது. காய்ச்சல் இருக்காது, மாடு நன்றாகத் தின்னும், பாலும் குறையாது. படுத்திருந்த இடத்தில் மட்டும் வெள்ளையாகச் சீழ் கிடக்கும். இப்படி உள்ளே தங்கிய நோயால்தான் பல மாடுகள் சினை ஊசிமேல் ஊசி போட்டும் சினை நிற்காமல் போகின்றன. பருவத்துக்கு வரும்போது பின்பக்கம் வடியும் வழும்பைப் (கோழை) பாருங்கள். கண்ணாடிபோல் தெளிவாக இருக்கவேண்டும். கலங்கலாகவோ வெள்ளைத் திப்பிகளுடனோ இருந்தால் அந்தப் பருவத்தில் சினை ஊசி வேண்டாம், சிகிச்சைதான் முதலில்.

சினை ஊசி போட வருபவர் முதலில் கேட்பது, "எப்போ கன்னு போட்டுச்சு, கொடி விழுந்துச்சா?" என்றுதான். நோட்டை எடுத்து நீட்டுங்கள்.