சைக்ளமன் நாற்றுக்கு முதல் கோடைதான் கண்டம்

சைக்ளமன் என்ற கிழங்குப் பூச்செடியை விதையிலிருந்து வளர்க்கத் தொடங்கியவர்கள் தொட்டியை ஏந்திக்கொண்டு வந்து காட்டும்போதெல்லாம், தொடக்கத்தில் நான் செய்த அதே பிழைகளைத்தான் பார்க்கிறேன். வடிகால் துளை இல்லாத தொட்டி, சேறாகும் அளவுக்குத் தண்ணீர், உச்சி வெயில் ஆகியவற்றைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. அவை எந்தச் செடிக்கும் ஆகாது. அது எல்லோருக்கும் தெரியும். சைக்ளமனுக்கென்றே சில பிழைகள் இருக்கின்றன. மற்றச் செடிகளை நன்றாக வளர்த்துப் பழகியவர்களே அவற்றில் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்.

காய்ந்த விதையை அப்படியே மண்ணில் போடுவது

பூவில் மகரந்தம் சேர்ந்ததும் பெரும்பாலான சைக்ளமன் இனங்களின் காம்பு சுருண்டு சுருண்டு காயைத் தரைக்கு இழுத்து வரும். பூக்கடைகளில் காணும் பெர்சிகம் இனம் மட்டும் சுருளாது. அதன் காம்பு வளைந்து தாழும். காய் மாதக்கணக்கில் முற்றி, மெத்தென்றாகி, பிறகு வெடிக்கும். உள்ளே விதைகள் பிசுபிசுப்பான இனிப்புப் பூச்சோடு இருக்கும். அந்த இனிப்புக்காகவே எறும்புகள் அவற்றை இழுத்துச் சென்று வேறிடத்தில் போடுகின்றன. இந்தப் பதத்தில் கிடைத்த விதையை உடனே விதைத்துவிடலாம்.

உறையில் வாங்கும் விதை அப்படி இருக்காது. சுருங்கி, இறுகிப் போயிருக்கும். வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி விட்டு, 12 முதல் 24 மணி நேரம் ஊறவைத்து, நன்றாக அலசிய பிறகு விதையுங்கள். ஊறாத பழைய விதை முளைக்கவே முளைக்காது என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒன்று இன்று, இன்னொன்று அடுத்த ஆண்டு என்று சிதறி முளைக்கும்.

வெப்பத் தட்டின் மேல் வைப்பது

தக்காளி, மிளகாய் விதைகள் முளைக்க அடியிலிருந்து சூடேற்றும் வெப்பத் தட்டு சைக்ளமனுக்கு எதிரி. இதற்கு வேண்டியது 15 முதல் 18 டிகிரி செல்சியஸ். 20 டிகிரியைத் தாண்டினால் விதை முளைக்காமல் அடங்கிக் கிடக்கும். வெளிச்சமும் முளைப்பைத் தடுக்கும். அரை சென்டிமீட்டருக்குக் குறையாமல் மண்ணால் மூடி, முளை தெரியும்வரை தொட்டியையும் இருட்டில் வையுங்கள். தெரிந்த அன்றே வெளிச்சத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும்.

தோண்டிப் பார்ப்பது

வேண்டாம். விதையிலிருந்து முதலில் வேர் இறங்கும். அடுத்து மண்ணுக்குள்ளேயே சின்னஞ்சிறு கிழங்கு திரளும். அதன் பிறகுதான் ஒற்றை இலை கொக்கிபோல் வளைந்து மேலே வரும். மேலே ஒன்றும் தெரியாத அந்த வாரங்களில் வேலை முழுவதும் கீழே நடக்கிறது. நான்கு முதல் எட்டு வாரம் சாதாரணம். சில இனங்கள் மாதக்கணக்கில் இழுத்தடிக்கும். ஒரு பருவத்தில் வராதது அடுத்த குளிரில் வருவதும் உண்டு. ஆகவே தொட்டியைக் கவிழ்த்துவிடாதீர்கள்.

முதல் கோடையில் தண்ணீரை நிறுத்துவது

இத்தனை காலம் கழித்தும் எனக்கு எரிச்சலூட்டும் பிழை இதுதான். விதை வீணானால் மறுபடி விதைக்கலாம். இங்கே வீணாவது, முளைத்து, ஏழெட்டு மாதம் வளர்ந்து, ஆளான நாற்று.

நடப்பது எப்போதும் ஒன்றுதான். குளிர்காலம் முழுவதும் நாற்று நன்றாக வளர்ந்திருக்கும். வெயில் ஏறியதும் ஓர் இலை மஞ்சளாகும். வளர்ப்பவர் எங்கோ படித்தது நினைவுக்கு வரும்: "சைக்ளமனுக்குக் கோடையில் ஓய்வு, தண்ணீர் விடாதீர்கள்." தொட்டியை ஓர் அலமாரியில் ஏற்றிவிட்டு, குளிர் திரும்பியதும் இறக்குவார். தண்ணீர் ஊற்றுவார், காத்திருப்பார், ஒன்றும் வராது.

கிரேக்கம் இன நாற்றுகள் இருந்த அப்படியொரு தொட்டியை நண்பர் ஒருவர் என்னிடம் கொண்டு வந்தார். தாளை விரித்து மண்ணைக் கொட்டினோம். கிழங்குகள் இருந்தன, எண்ணிக்கைகூடக் குறையவில்லை. ஒன்றை எடுத்து விரலால் அழுத்தினேன். பழுப்புத் தோல் நொறுங்கியது, உள்ளே ஒன்றுமே இல்லை. அழுகலும் இல்லை, புழுவும் இல்லை. வெறும் உலர்ச்சி. விதையோடு வந்த சீட்டை அவர் பத்திரமாக வைத்திருந்தார். "கோடையில் உலர வைக்கவும்" என்று அதில் அச்சிட்டிருந்தது. எத்தனை வயதுச் செடியை என்று அச்சிடவில்லை. அந்த ஒரு சொல் இல்லாததால் ஒருவருடைய ஓராண்டு உழைப்பு போயிற்று. எனக்குக் கோபம் வருவது அவர்மேல் அல்ல. வயதைச் சொல்லாமல் இந்த அறிவுரையைப் பரப்புகிறவர்கள்மேல்.

அந்த அறிவுரை வளர்ந்த கிழங்குக்கானது. ஹெடரிஃபோலியம் இனத்தின் முதிர்ந்த கிழங்கு ஒரு சாப்பாட்டுத் தட்டளவு அகலமாகக்கூட வளரும். தடித்த தோல், உள்ளே மாவுச்சத்தும் நீரும். அதற்கு ஒரு கோடை பெரிதல்ல. முதலாண்டுக் கிழங்கோ பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டாது. தோல் மெல்லியது, சேமிப்பு சொற்பம், உடலின் அளவோடு பார்த்தால் நீர் ஆவியாகும் பரப்பு மிக அதிகம். அது உட்கார்ந்திருப்பதோ, இரண்டே நாளில் காய்ந்துவிடும் சிறு தொட்டியில்.

"காட்டில் யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள்?" என்று கேட்பார்கள். காட்டில் இவை புதர்களின் அடியிலும் பாறை இடுக்குகளிலும் இலைக்குப்பைக்குக் கீழே கிடக்கின்றன. மேல்மண் வெடித்துக் கிடந்தாலும் வேருக்கு அடியில் குளுமை இருக்கும். கிரேக்கம் இனத்தின் தடித்த வேர்கள் மண்ணுக்குள் ஆழமாக இறங்குபவை. தொட்டியில் நாற்றுக்கு அந்த ஆழம் இல்லை.

நாற்றுக்கு அந்த ஓய்வு கட்டாயமும் அல்ல. பூக்கடைகளுக்குப் போகும் பெர்சிகம் ஹைப்ரிட்களை (கலப்பு வகைகளை) வளர்ப்பவர்கள் விதைத்த நாளிலிருந்து முதல் பூ வரை ஒரு நாள்கூட அவற்றை உறங்க விடுவதில்லை. காட்டினங்களின் நாற்றுகளும் நிழலும் ஈரமும் கிடைத்தால் கோடையில் வெகுதூரம் இலையோடு தாக்குப்பிடிக்கும். அவ்வளவு நாளும் கிழங்கு பருக்கும். ஒருமுறை என் நாற்றுத் தொட்டி ஒன்று பெரிய செடிகளின் நிழலில், மேல்வரிசையிலிருந்து வடியும் நீர் படும்படி மறைந்து கிடந்தது. அதிலிருந்த கிழங்குகள், நான் கவனித்து உறங்கவிட்ட அதே விதைப்பின் கிழங்குகளைவிட ஏறக்குறைய இரு மடங்கு பருமனாக இருந்தன.

ஆகவே இலை மஞ்சளானால் தண்ணீரைக் குறையுங்கள், நிறுத்தாதீர்கள். பதறிப்போய்க் கூடுதலாக ஊற்றுவதும் கூடாது. இலையில்லாத கிழங்கு நீரை உறிஞ்சாது, அழுகிவிடும். தொட்டியை நிழலுக்கு மாற்றி, ஈரமணல் நிரப்பிய தட்டில் பாதி புதைத்துவையுங்கள். மணலை மட்டும் அவ்வப்போது நனைத்தால் போதும், மண் வேண்டிய ஈரத்தை அடியிலிருந்து இழுத்துக்கொள்ளும். தொட்டியைத் தூக்கிப் பார்த்துப் பழகுங்கள். காகிதம்போல் கனமற்றுப் போனால் காய்ந்துவிட்டது என்று பொருள். இந்தப் பருவத்தில் உரம் வேண்டாம். முதலாண்டுக்கு மண்தொட்டியைவிட பிளாஸ்டிக் தொட்டி மேல், சீக்கிரம் உலராது. இரவு குளிரத் தொடங்கியதும் ஒருமுறை நன்றாக நனைத்துவிட்டால் புது இலை தலைகாட்டும்.

இரண்டாம் கோடையில் சற்றுத் தளர்த்தலாம். பிறகு அந்தந்த இனத்தின் குணப்படி நடத்துங்கள். கிரேக்கம், ரோல்ஃப்சியானம் போன்றவை வளர்ந்தபின் கோடை வெப்பத்தை விரும்புபவை. ஆல்ப்ஸ் மலைக்காடுகளின் பர்பியூராசென்ஸை எந்த வயதிலும் முழுதாகக் காயவிடக் கூடாது. அது ஏறத்தாழ ஆண்டு முழுவதும் இலையோடு இருக்கும் இனம்.

அவசரப்பட்டுப் பிரித்து நடுவது

நெருக்கம் இவற்றுக்குத் தொந்தரவல்ல. இரண்டு மூன்று இலை வந்து, கிழங்கைக் கையில் பிடிக்க முடிகிறவரை விட்டுவிடுங்கள். பிரித்த பிறகும் சிறிய தொட்டியே போதும். பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடந்து கிழங்கை அழுக வைக்கும்.

எல்லாக் கிழங்கையும் ஒரே ஆழத்தில் நடுவது

ஹெடரிஃபோலியத்துக்கு வேர் பெரும்பாலும் கிழங்கின் மேற்புறத்திலும் பக்கங்களிலும்தான் வரும். அடிப்புறம் மொட்டையாக இருக்கும். வேர் இருக்கும் பக்கம் கீழே என்று எண்ணித் தலைகீழாக நடுகிறார்கள். மொட்டு எந்தப் பக்கம் என்று பார்த்து நட்டு, மேலே மண்ணிட்டு மூடுங்கள். கூம் இனத்துக்கு வேர் அடியிலிருந்து வரும். அதையும் மெல்லிய மண் போர்வைக்குள் வைக்கலாம். பெர்சிகத்துக்கு மட்டும் கிழங்கின் தலை வெளியே தெரியட்டும்.

ஹைப்ரிட் விதையிலிருந்து தாயையே எதிர்பார்ப்பது

எஃப்1 (கலப்பின் முதல் தலைமுறை) பெர்சிகத்தில் நீங்கள் எடுக்கும் விதை தாயைப்போல் வராது. நிறமும் அளவும் கலைந்து வரும். அதை ரசிக்கத் தெரிந்தால் தாராளமாக விதையுங்கள்.

இனங்களுக்கிடையிலான கலப்பு வேறு கதை. பெரும்பாலான சைக்ளமன் இனங்கள் ஒன்றோடொன்று எளிதில் கலப்பதில்லை. பெர்சிகத்தையும் பர்பியூராசென்ஸையும் சேர்க்க, கருவை ஆய்வுக்கூடத்தில் வளர்த்தெடுக்க வேண்டியிருந்தது. ஆனால் நெருங்கிய உறவுள்ளவை கலக்கும். ஹெடரிஃபோலியமும் ஆஃப்ரிகானமும் சேர்ந்தால் ஹில்டெபிராண்டி என்ற கலப்பினம். சைப்ரியமும் லிபனோட்டிகமும் சேர்ந்தால் வெல்லன்சீக்கி என்ற கலப்பினம். ஹெடரிஃபோலியமும் ஆஃப்ரிகானமும் பக்கத்தில் பக்கத்தில் பூத்திருந்தால், அந்த விதையைத் தூய இனம் என்று சொல்லி யாருக்கும் கொடுக்காதீர்கள். தூய விதை வேண்டுமென்றால் ஒன்றை வலைக்குள் வைத்து, தூரிகையால் நீங்களே மகரந்தம் சேருங்கள்.

பெயர்ச்சீட்டு

பென்சிலால் எழுதுங்கள், பேனா மை பூ வருவதற்குள் வெளுத்துவிடும்.