அறுபதாயிரம் யூனிட் மாத்திரையும் ஒரு 1-0-0வும்: வைட்டமின் டி வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் எங்கள் கடையில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒரு பெரியவருக்கு மாத்திரைகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். சர்க்கரை மாத்திரை இரண்டு அட்டை, கால்சியம் ஒரு அட்டை, வைட்டமின் டி ஒரு அட்டை. எல்லாவற்றையும் ஒரே கவரில் போட்டு, மேலே பேனாவால் 1-0-0, அதாவது தினமும் காலையில் மட்டும் ஒன்று, என்று எழுதினான். நான் கல்லாவிலிருந்து எழுந்து போய் அந்தக் கவரைக் கையில் வாங்கிக்கொண்டேன். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் நான் எழுதிக் கொடுத்ததும் அதே 1-0-0தான்.

மதுரையில் இருபது வருடமாக மருந்துக் கடையில் நிற்கிறேன். காலாவதி தேதியைப் பாருங்கள், பில் வாங்குங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். தெரிந்தவர்களும் செய்கிற தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

வெயில் ஊரில் இருக்கிறோம், நமக்கு எதற்கு என்று நினைப்பது

மதுரையில் பன்னிரண்டு மாதமும் வைட்டமின் டி தரக்கூடிய வெயில் அடிக்கிறது. அது நம் தோலில் படுகிறதா என்பதுதான் கேள்வி. காலை எட்டரைக்கு வண்டியில் ஏறி, பகல் முழுக்க டியூப் லைட்டுக்குக் கீழே உட்கார்ந்து, ஆறு மணிக்கு மேல் வெளியே வருகிறவர் எந்த ஊரில் இருந்தால் என்ன? மாநிறம், கறுப்பு நிறத் தோலுக்கு அதே அளவு வைட்டமின் உண்டாக வெளுத்த தோலைவிடக் கூடுதல் நேரம் வெயில் வேண்டும்.

இளவெயில் நல்லது என்று காலை ஆறரைக்கு மாடியில் நிற்பவர்கள் நிறைய. உடம்புக்கும் மனசுக்கும் அது நல்லதுதான், ஆனால் தோலில் வைட்டமின் டி உண்டாக்கும் புற ஊதா பி கதிர் அந்த நேரத்து வெயிலில் மிகக் குறைவு. உங்கள் நிழலைப் பாருங்கள். நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரம்தான் கணக்கு. நம் ஊரில் அது ஏறக்குறைய பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை. அதற்காக உச்சி வெயிலில் மணிக்கணக்கில் நிற்கச் சொல்லவில்லை. முகமும் கையும் காலும் படும்படி கொஞ்ச நேரம் நடந்தாலே பலருக்குப் போதும். கைக்குழந்தையை மட்டும் அந்த வெயிலில் காட்ட வேண்டாம்.

ஜன்னல் கண்ணாடி வழியாக வெயில் காய்வது

பயன் இல்லை. கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும்.

அறுபதாயிரத்தைத் தினமும் போடுவது

இதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

கடைகளில் அதிகம் விற்கும் வைட்டமின் டி3 மாத்திரை 60,000 யூனிட். நான்கு மாத்திரை கொண்ட சின்ன அட்டை, பார்க்க மீன் எண்ணெய் மாத்திரை மாதிரி இருக்கும். ஐந்து மில்லி பாட்டிலாகவும், பாலில் கலக்கும் பவுடர் பாக்கெட்டாகவும் அதே 60,000 வருகிறது. குறைபாடு இருப்பவருக்கு டாக்டர்கள் வழக்கமாக வாரம் ஒன்று, எட்டு வாரம் என்று எழுதுவார்கள். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாள் தேவை 600 யூனிட் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) 2020ல் சொன்னது. அப்படியானால் இந்த ஒரு மாத்திரை நூறு நாள் கணக்கு. டாக்டர் சொல்லாமல் ஒரு நாளில் தாண்டக் கூடாத உச்ச அளவு 4,000 யூனிட்.

என் கதைக்கு வருகிறேன். அறுபது வயது தாண்டிய ஒரு அம்மா, மூட்டு வலிக்கு டாக்டரைப் பார்த்துவிட்டு சீட்டோடு வந்தார். சீட்டில் கால்சியம் தினம் ஒன்று, டி3 வாரம் ஒன்று. நான் இரண்டையும் ஒரே கவரில் போட்டேன். கடையில் கூட்டம். மேலே 1-0-0 என்று எழுதி நீட்டிவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தேன். வாய்விட்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நான்கு நாளில் அட்டை தீர்ந்ததும் அவர் மகன் வந்து மூன்று அட்டை வாங்கிப் போனார். அப்புறமும் மூன்று மூன்றாக வாங்கிக்கொண்டே இருந்தார். வாரம் ஒன்று போடுகிறவருக்கு இத்தனை அட்டை எதற்கு என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. ஒரு மாதம் கழித்து அந்த அம்மா மலச்சிக்கல் என்று வந்தார், சிரப் கொடுத்தேன். அடுத்து வாந்தி வருகிறது என்றார், அதற்கும் ஒன்று கொடுத்தேன். நாக்கு வறண்டு போகிறது, ராத்திரி நாலைந்து தடவை எழுந்திருக்கிறேன், உடம்புச் சூடு போல என்று அவரே சொன்னார். இளநீர் குடியுங்கள் என்றேன். இவை எல்லாமே ரத்தத்தில் கால்சியம் ஏறியதன் அறிகுறிகள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக மருந்து விற்றுக்கொண்டிருந்தேன்.

ஒன்றரை மாதம் ஆனபோது ஒரு நாள் காலை, மகனைப் பார்த்து நீ யார் என்று கேட்டிருக்கிறார். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கால்சியம் 13.8. பத்தரைக்கு மேல் போகக் கூடாது. கிட்னி அளவான கிரியாட்டினினும் ஏறியிருந்தது. நாற்பத்தைந்து நாளில் 27 லட்சம் யூனிட் உள்ளே போயிருக்கிறது. நாளுக்கு 600 என்று போட்டால் பன்னிரண்டு வருடத்துக்கும் மேல் வரும். வைட்டமின் சி மாதிரி இது சிறுநீரில் போய்விடாது. கொழுப்பில் தங்கி மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வெளியே வரும். அதனால்தான் மாத்திரையை நிறுத்திய பிறகும், சலைன் ஏற்றிய பிறகும், கால்சியம் இறங்க அவருக்கு வெகு நாள் ஆனது.

பார்க்கப் போனேன். "நீ எழுதிக் கொடுத்தபடிதானே தம்பி சாப்பிட்டேன்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

இந்தத் தவறு இன்றும் நடப்பதுதான் என்னால் தாங்க முடியாதது. சர்க்கரை, பிரஷர், தைராய்டு என்று நாம் விற்கும் மாத்திரைகளில் பெரும்பாலும் தினசரி மாத்திரைகள். வாரம் ஒரு முறை போடுவதை விரல் விட்டு எண்ணிவிடலாம். மூட்டுவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் இன்னொன்று, அதிலும் இதே விபத்து நடக்கிறது. மாத்திரை என்றால் தினமும் என்று கை தானாக எழுதுகிறது, வாங்குபவரின் மனமும் தானாக அப்படியே படிக்கிறது. அட்டையில் 60,000 என்பது பொடி எழுத்தில் இருக்கும். வெள்ளெழுத்து வந்தவர்களால் அதைப் படிக்க முடியாது.

அன்றிலிருந்து நான் செய்வது இது: டி3 அட்டையைத் தனிக் கவரில் போடுவேன். ஸ்கெட்ச் பேனாவால் ஒவ்வொரு மாத்திரையின் பின்பக்கமும் ஞாயிறு, ஞாயிறு, ஞாயிறு, ஞாயிறு என்று எழுதுவேன். தேதியையும் போடுவேன். "என்றைக்குப் போடுவீர்கள்?" என்று கேட்டு, அவர் வாயால் பதில் வாங்கிய பிறகுதான் கவரைக் கொடுப்பேன். உங்கள் கடைக்காரர் எழுதித் தரவில்லை என்றால் நீங்களே எழுதச் சொல்லுங்கள்.

எட்டு வாரம் முடிந்த பிறகும் பழைய சீட்டைக் காட்டி வருடக்கணக்கில் வாங்குவதும் இதே தவறின் மெதுவான வடிவம். முடிந்ததும் டாக்டரிடம் திரும்பப் போங்கள். ஏற்கெனவே யாராவது தினமும் போட்டுக்கொண்டிருந்தால் அதையும் கால்சியம் மாத்திரையையும் நிறுத்திவிட்டு, அட்டையோடு டாக்டரைப் பாருங்கள். வாந்தியோ குழப்பமோ இருந்தால் அன்றைக்கே.

கால்சியம் பாட்டிலில் இருக்கும் "டி"யைப் படிக்காமல் விடுவது

கால்சியம் மாத்திரைகளில் சிலவற்றில் டி3 சேர்ந்திருக்கும், பெரும்பாலும் 250 அல்லது 500 யூனிட். வேறு சிலவற்றில் கால்சிட்ரியால் 0.25 மைக்ரோகிராம் என்று இருக்கும். இரண்டும் ஒன்றல்ல. நாம் விழுங்கும் டி3யை முதலில் கல்லீரலும் பிறகு சிறுநீரகமும் மாற்றிய பிறகு கிடைக்கும் வீரியமான வடிவம்தான் கால்சிட்ரியால். கிட்னி கோளாறு போன்ற காரணங்களுக்காக டாக்டர் எழுதித் தருவது அது. குறைபாட்டை நிரப்புவதற்காக நாமாக வாங்கிப் போடுவதல்ல. வைட்டமின் டி அளவைப் பார்க்கச் சாதாரணமாக எடுக்கும் 25 ஹைட்ராக்ஸி ரத்தப் பரிசோதனையில் அது தெரியவும் தெரியாது.

மைக்ரோகிராமையும் யூனிட்டையும் குழப்பிக்கொள்வது

அமெரிக்காவிலிருந்து மகள் அனுப்பிய பாட்டிலில் 125 எம்.சி.ஜி. என்று போட்டிருக்கும். நூற்றிருபத்தைந்துதானே என்று ஒருவர் காலையும் மாலையும் போட்டார். ஒரு மைக்ரோகிராம் 40 யூனிட். அந்த ஒரு மாத்திரையே 5,000 யூனிட்.

ரத்தப் பரிசோதனையிலும் இதே குழப்பம் உண்டு. நம் லேப்கள் நானோகிராமில் தருகின்றன, 20க்குக் கீழே என்றால் குறைபாடு. சில வெளிநாட்டு லேப்கள் நானோமோலில் தரும். அங்கே 50 என்பது இங்கே 20.

குழந்தைச் சொட்டு மருந்து

ஒரு மில்லியில் 400 யூனிட் உள்ளதும் இருக்கிறது, 800 உள்ளதும் இருக்கிறது. கைக்குழந்தைக்கு நாளுக்கு 400. பாட்டில் மாறினால் டிராப்பர் அளவும் மாறும். பெரியவர்களின் ஐந்து மில்லி பாட்டிலைக் குழந்தையின் மருந்துக்குப் பக்கத்தில் வைக்கவே வைக்காதீர்கள்.

வெறும் வயிற்றில் போடுவது

சாப்பாட்டோடு போடுங்கள். கொஞ்சம் எண்ணெயோ நெய்யோ இருந்தால் நன்றாக உடம்பில் சேரும்.

சைவமா என்று கேட்காமல் வாங்குவது

டி3 பெரும்பாலும் ஆட்டு ரோமக் கொழுப்பிலிருந்து எடுப்பது. மென்மையான மாத்திரையின் உறை பெரும்பாலும் ஜெலட்டின். வேண்டாம் என்பவர்களுக்குப் பாசிக்காளானிலிருந்து எடுத்த டி3 இருக்கிறது, கேட்டு வாங்குங்கள்.

மொத்தமாக ஒரே ஊசி

வருடத்துக்கு ஒரு தடவை போட்டுவிட்டால் தொல்லை இல்லையே என்று கேட்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் எழுபது வயது தாண்டிய 2,256 பெண்களை வைத்து நடந்த ஆய்வு 2010ல் வெளியானது. வருடத்துக்கு ஒருமுறை ஐந்து லட்சம் யூனிட்டை மொத்தமாக வாய்வழியே கொடுத்திருந்தார்கள். அதைச் சாப்பிட்டவர்கள்தான் அதிகம் கீழே விழுந்தார்கள், அவர்களுக்குத்தான் அதிகம் எலும்பு முறிந்தது.

மற்ற மாத்திரைகளைச் சொல்லாமல் விடுவது

பிரஷருக்கு ஹைட்ரோகுளோரோதயசைடு அல்லது குளோர்தாலிடோன் போடுகிறீர்களா? அது கால்சியத்தை உடம்பிலேயே தங்க வைக்கும். இதயத்துக்கு டிகாக்சின் போடுபவருக்குக் கால்சியம் ஏறினால் ஆபத்து. வலிப்புக்குப் போடும் ஃபெனிடாயின் வைட்டமின் டியைக் குறைக்கும். சிறுநீரகக் கல் வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். கடைக்கு வரும்போது எல்லாச் சீட்டுகளையும் ஒன்றாகக் கொண்டு வாருங்கள். மேசையில் பரப்பி வைத்துப் பார்க்க ஐந்து நிமிடம் போதும், கூட்டம் இருந்தாலும் பார்க்கிறோம்.