கரான்ஸ்: பிரெஞ்சுப் பெயர் ஒன்றை விசாரிக்கும் முறை

பாரிசில் இருக்கும் தங்கை மகள், பிறந்த பெண் குழந்தைக்குக் 'கரான்ஸ்' என்று பெயர் வைக்கப்போவதாகச் சொன்னாள். தலவாக்கலையில் எங்கள் வீடு இரண்டுபட்டது. "பொருளில்லாத பெயர் என் பேத்திக்கு வேண்டாம்" என்று தங்கை அழுதாள். உங்கள் வீட்டுக்கும் இப்படியொரு பெயர் வந்தால், சண்டைக்கு முன் விசாரித்துப் பாருங்கள்.

முதலில் பெயரை வெறும் சொல்லாக நினைத்து பிரெஞ்சு அகராதியில் தேடுங்கள். கரான்ஸ் ஒரு செடி. அதன் வேர் சிவப்புச் சாயம் தரும். 1829 முதல் முதலாம் உலகப்போர் தொடங்கும்வரை பிரெஞ்சுக் காலாட்படையின் காற்சட்டைக்கு அந்தச் சிவப்புத்தான். 1868இல் ஜெர்மன் வேதியியலாளர் இருவர் அதே சாயத்தை ஆய்வுகூடத்தில் செய்துகாட்ட, செடியைப் பயிரிட்டவர்களின் பிழைப்பு போனது.

அடுத்து, அந்தப் பொருளுக்கு நம்மிடம் உறவு இருக்கிறதா என்று பாருங்கள். நம் மஞ்சிட்டி அதே பேரினத்துக் கொடி. ஹட்டன் நாட்டு மருந்துக் கடையில் ஒரு பொட்டலம் வாங்கி, வேரை இடித்து வெந்நீரில் போட்டேன். படிகாரத் தண்ணீரில் நனைத்த வெள்ளைத் துணியை அதில் ஊறவைத்தேன். காலையில் துணி செங்கல் சிவப்பாக இருந்தது. தங்கை அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். என் பத்து விளக்கங்கள் செய்யாததை அந்தத் துணி செய்தது.

எத்தனை பேர் இந்தப் பெயரை வைக்கிறார்கள் என்பதை இன்சே என்ற பிரெஞ்சுப் புள்ளிவிபர நிறுவனம் 1900 முதல் ஆண்டுவாரியாக இலவசமாகத் தருகிறது. மிக அரிய பெயர்களை ஒன்றாகச் சேர்த்துவிடுவார்கள். ஆகவே ஓர் ஆண்டில் பெயரைக் காணவில்லை என்றால் யாரும் வைக்கவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். 1945இல் வெளிவந்த 'சொர்க்கத்தின் குழந்தைகள்' படத்தில் ஆர்லெத்தி நடித்த நாயகியின் பெயர் கரான்ஸ், நாடறிந்தது அப்படித்தான். ஆனால் பிள்ளைகளுக்கு அதிகம் வைக்கத் தொடங்கியது பல பத்தாண்டுகள் கழித்து. 1803ஆம் ஆண்டுப் பிரெஞ்சுச் சட்டம் நாட்காட்டியில் உள்ள புனிதர் பெயர்கள் போன்றவற்றுக்கும் பழைய வரலாற்றுப் பெயர்களுக்குமே இடம் கொடுத்தது. 1993இல்தான் விரும்பிய பெயரை வைக்கும் உரிமை பெற்றோருக்குச் சட்டப்படி கிடைத்தது.

நட்சத்திரம் பார்க்கும் வீடென்றால் எழுத்தைப் பார்க்காமல் ஒலியைக் கேளுங்கள். பிள்ளை அவிட்டம். அதற்குரிய 'க', கணேசனில் வரும் க. கண்ணனில் வரும் க அல்ல. கரான்ஸ் கணேசனைப் போலத்தான் தொடங்குகிறது. தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து என்பதால் சோதிடரிடம் வாயால் சொல்லிக் காட்டுங்கள்.

கடைசியாக, தமிழ் எழுத்துக்கூட்டலை ஒரே விதமாக முடிவு செய்து எல்லாருக்கும் எழுதிக் கொடுங்கள். என் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொன்று. ஓய்வூதியத்துக்காக இரண்டு வருடம் அலைந்தேன். 'கரான்ஸ்' என்று பெரிதாக எழுதி, படமெடுத்துத் தங்கை மகளுக்கு அனுப்பிவிட்டேன்.